விரலுக்குப் பிந்தும் ஒலி



கண்டி எசல பெரஹெராவைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கலாம். ஊர்வலத்தின் முன்னே வருவோர் சாட்டையைச் சுழற்றி வீசுவது முதலிற் கண்ணுக்குப் புலப்படும். அதன் ஒலியோ சற்றுப் பிந்தியே காதுக்கு எட்டும். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும் என்பதே இதற்குக் காரணம். ஒலி பிந்துவதனால் ஒரு மாணவி கண்ணீர் வடித்த கதையை இன்று கூறுகிறேன்.

பேராதனையில் எங்கள் அயலில் வசிப்பவள் அவள். பியானோ நன்கு பயின்றவள். நத்தார் ஆராதனையில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசிக்கும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டிலே குழாய் ஓர்கனுக்கு எங்கே போவது? கிராண்ட்ஓர்க் என்னும் இலவச மென்பொருளைக் கணினியிற் பதித்து, கீபோர்டை அதனுடன் இணைத்துக் கொண்டாள். உண்மையான ஓர்கனின் குழாய்களைத் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து வைத்து, கட்டையை அழுத்தியதும் அந்த ஒலியை எழுப்புவதே இத்தகைய மென்பொருளின் வேலை.

ஒரு வாரம் சென்றது. "மாமா, எனக்குத் தாளமே வராது போலிருக்கிறது. வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடப் போகிறேன்" என்று கலங்கினாள். நான் ஹெட்போனை அணிந்து ஒரு கட்டையைத் தட்டினேன். கட்டை தட்டும் ஓசை முதலிலும், குழாயின் நாதம் பிறகுமாக இரண்டும் வெவ்வேறாகக் கேட்டன. குற்றம் பிள்ளையிடம் இல்லை!

இத்தாமதம் எங்கிருந்து வருகிறது? மலைநாட்டுத் தோட்டங்களிலே பீலியில் குடம் வைத்து நீர் பிடிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். கணினியும் ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. ஒரு குடம் நிரம்பிய பின்னரே அனுப்புகிறது. இக்குடத்தையே பபர் என்பர். செக்கனுக்கு 48,000 துளிகள் வீதம் ஒலி ஓடும்போது, 1,024 துளி கொள்ளும் குடம் நிரம்ப 21 மில்லிசெக்கன் பிடிக்கும். 256 துளிக் குடத்துக்கோ 5 மில்லிசெக்கனே போதும். அப்படியானால் மிகச் சிறிய குடத்தையே வைக்கலாமே என்பீர்கள். குடம் சிறிதானால் அடிக்கடி மாற்ற வேண்டும். கை தாமதித்தால் நீர் சிந்தும். அச்சிந்தலே இடையிடையே கேட்கும் 'கர கர' ஓசை.

ஆகவே குடத்தை 1,024, 512, 256 எனப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். கரகரப்புத் தொடங்கியதும் ஒரு படி மேலே சென்று நிறுத்துங்கள். விண்டோஸ் கணினியாயின், ஏசியோ என்னும் இயக்கி ஒலியைச் சுற்றுவழியின்றிச் செலுத்த உதவும். வேண்டாத பிற மென்பொருள்களை மூடிவிடுவதும் நன்று.

எங்கள் மாணவியின் விஷயத்தில் பெருங்கள்வன் வேறொருவன். அவளுடைய ஹெட்போன் கம்பியில்லாத புளூடூத் வகை! அவ்வகையிற் பல, 100 மில்லிசெக்கனுக்கு மேலும் தாமதிக்கும். முப்பது மீற்றருக்கு அப்பால் யாரோ வாசிப்பதைக் கேட்பதற்கு அது சமம். கம்பியுள்ள ஹெட்போனை மாட்டி, குடத்தையும் 256 ஆக்கியதும், விரலும் நாதமும் ஒன்றாயின. அவள் முகத்திலும் சிரிப்பு மலர்ந்தது.

மாணவர்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். பெரிய தேவாலயங்களிலே குழாய்கள் வாசிப்பவருக்கு எட்டத்தில் இருப்பதுண்டு. பெருங்குழாய்கள் வாய் திறக்கவும் சற்று நேரம் பிடிக்கும். அங்கு வாசிப்போர் அந்தத் தாமதத்துக்குப் பழகிக் கொள்கிறார்கள். தாமதம் ஒரே அளவாக இருந்தால் விரல் பழகும். கூடியும் குறைந்தும் வந்தால் எவராலும் பழக முடியாது.

பெற்றோர்களே! பிள்ளைக்குத் தாளம் வரவில்லை என்று கடிந்துகொள்ளுமுன், ஒரு கட்டையை நீங்களே தட்டிப் பாருங்கள்.