சட்டைக்குள் ஒரு சிப்: சொல்லிவிட்டு விற்கட்டும்

பார்கோடை நாம் எல்லோரும் அறிவோம். அதன் கோடுகள் கருவியின் கண்ணில் பட வேண்டும். ஆர்.எப்.ஐ.டி. எனப்படும் வானொலி மீடிறன் அடையாள முறைக்கு அதுவும் தேவையில்லை. நுண்ணிய சிப்பும் மெல்லிய அன்ரனாவும் கொண்ட ஒரு டேக் பொருளில் இருந்தால் போதும். பற்றரியே இல்லாமல், வாசிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்து சக்தி பெற்றுத் தன் இலக்கத்தை அது திருப்பி அனுப்பும். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் உடுப்புகளை எண்ணிவிடலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் வியாபார உலகம் இதை மெதுவாகவே ஏற்றது. உலோகம் அலையைத் தெறிக்க வைக்கும், தண்ணீர் உறிஞ்சிவிடும். செலவும் ஒரு தடை. அமெரிக்காவின் வோல்மார்ட், தனக்குப் பொருள் வழங்கும் முன்னணி 100 நிறுவனங்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் டேக் பொருத்த வேண்டும் என்று 2003இல் அறிவித்தது. டேக்கின் செலவு வழங்குநர் தலையில் விழுந்தது. திட்டம் நினைத்த வேகத்தில் நகரவில்லை.

ஆனால் விலை குறையும், கருவிகளும் திருந்தும். நம்பிக்கை அப்படித் தானாக வராது. அதே 2003இல் இத்தாலியின் பெனட்டன் ஆடைகளில் டேக் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், பாவனையாளர் அமைப்பொன்று பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. கடையை விட்டு வெளியேறிய பின்னரும் உடுப்பு நம்மைக் காட்டிக் கொடுக்குமா என்பதே அவர்களின் கேள்வி. நிறுவனம் பின்வாங்கியது.

"மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டு வாசலில் திரை தொங்குவது உள்ளே தவறு நடப்பதாலா? பிறர் பார்க்க வேண்டியது எது, வேண்டாதது எது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. உடுப்புக்கும் அதுவே பொருந்தும்.

இது தூர நாட்டுக் கதையல்ல. ஆடைதான் இலங்கையின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. நம் சகோதரிகள் தைக்கும் உடுப்புகள் உலகக் கடைகளுக்குப் போகின்றன. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எனவே நான் கேட்பது மூன்று. டேக் இருப்பதை உடுப்பிலேயே எழுதட்டும். பணம் செலுத்தியதும் அதை வெட்டியோ செயலிழக்கச் செய்தோ தரட்டும். நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கும் கட்டளை இத்தகைய டேக்குகளின் சர்வதேசத் தரத்திலேயே உண்டு. வாங்குபவரின் சம்மதமின்றி அவர் பெயரை டேக் இலக்கத்தோடு சேர்க்காதிருக்கட்டும்.

விற்பவர் எதையும் மறைக்கக் கூடாது என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த வியாபார ஒழுக்கம். வாங்குபவரின் தகவலும் ஓர் அமானிதமே. அதைப் பேணும் வியாபாரிக்கு இந்தத் தொழில்நுட்பத்தை வாடிக்கையாளரும் மனமுவந்து அனுமதிப்பார்கள்.