காவிரி என்று பெயர் வைத்தால் போதுமா?



கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குச் சுழலும் சக்கரம் புதிதல்ல. லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாய் வழியே பாய்ந்து வந்து டர்பைனைச் சுழற்றுகிறது. கண்டமனூர்ப் பக்கம் காற்று வந்து காற்றாலையைச் சுழற்றுகிறது. நீர் சுழற்றக் கண்டோம். காற்று சுழற்றக் கண்டோம். நெருப்பு சுழற்றும் சக்கரமும் ஒன்று உண்டு. அது ஜெட் விமானத்தின் எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக நிற்கும் பிளேடுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

பிளேடு என்றதும் சவரத் தகட்டை எண்ணிவிடாதீர்கள்! இது உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு. ஆனால் அது படும் பாட்டைக் கேளுங்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்த வேகத்தில் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை பல டன். சுற்றிலும் வீசும் நெருப்புக் காற்றின் சூடோ 1500 டிகிரியைத் தாண்டும். கொல்லன் பட்டறையில் இரும்பு பழுக்கக் காய்ந்ததும் சம்மட்டிக்கு வளைந்து கொடுப்பதைப் பார்த்தவர்கள் நாம். அந்த இரும்பு இங்கே எம்மாத்திரம்?

ஆகவே நிக்கலைத் தேடினர் விஞ்ஞானிகள். ஆனால் நிக்கல் உருகுவதே 1455 டிகிரியில்! உருகும் சூட்டையும் மிஞ்சிய நெருப்பிலே உருகாமல் நிற்க வேண்டும். மந்திரமா? மாயமா? இல்லை, மனித மூளை!

முதல் வழி, கலப்பு. குரோமியம், கோபால்ட், அலுமினியம், டைட்டானியம், டங்ஸ்டன், டாண்டலம், ரேனியம் என்று பல உலோகங்களை அளவறிந்து நிக்கலோடு சேர்த்தார்கள். 'கலக்காதே, கெட்டுப்போவாய்' என்று மனிதருக்கு உபதேசிக்கும் தூய்மைவாதிகள் கேட்கட்டும்! கலப்பற்ற நிக்கல் அந்தச் சூட்டில் தளர்ந்து நீளும். கலந்த நிக்கல் தாங்கும்.

இரண்டாவது வழி, காற்று. பிளேடுக்குள்ளே நுண்ணிய பாதைகள் வைத்து, ஒப்புநோக்கக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். மேலே வெப்பம் தடுக்கும் பீங்கான் பூச்சு.

மூன்றாவது வழி, ஒற்றைப் படிகம். சாதாரண உலோகம் சர்க்கரைக் கட்டி போல, குருணை குருணையாகச் சேர்ந்தது. சூட்டில் இழுக்கும்போது குருணைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில்தான் விரிசல் விழும். எனவே பிளேடு முழுவதையும் ஒரே கற்கண்டுத் துண்டு போல, சந்தே இல்லாத ஒரே படிகமாக வளர்க்கிறார்கள்.

அதை எப்படி வார்க்கிறார்கள் தெரியுமா? மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பு பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை வார்ப்படக்காரர் பரம்பரையாகச் செய்யும் அதே மெழுகு வார்ப்பு! வேறுபாடு, அங்கே களிமண், இங்கே பீங்கான். அங்கே விறகு அடுப்பு, இங்கே காற்றை உறிஞ்சி நீக்கிய உலை. தத்துவம் ஒன்றே.

பழம்பெருமை பேசக் குறைவில்லை நமக்கு. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு என்று 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தென்னாட்டில் புகழ்பெற்ற ஊட்ஸ் உருக்கை 1819-இல் இலண்டனில் ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, அங்கிருந்தே கலப்பு உருக்கு ஆராய்ச்சிக்குள் நுழைந்தார். பெருமைதான். ஆனால் பெருமையை உலையில் போட்டால் பிளேடு வருமா?

கதையைக் கேளுங்கள். போர் விமானத்துக்குச் சொந்தமாக எஞ்சின் செய்ய 1989-இல் டில்லி அனுமதி அளித்தது. பெங்களூர் ஆய்வகத்தில் பிறந்த அந்த எஞ்சினுக்கு 'காவிரி' என்று பெயர். பெயர் இனித்தது, வேலை கசந்தது. எடை கூடியது, உந்துவிசை குறைந்தது, உயர்சூடு தாங்கும் பிளேடு ஒரு பெருங்குறையாக நின்றது. உயர்வானச் சோதனைக்கு ரஷ்யாவுக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து காவிரி பிரிக்கப்பட்டது.

விளைவு? 2001-இல் முதன்முதலாகப் பறந்த நாள் தொட்டுத் தேஜஸ் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. 2021-இல் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்! எஞ்சின் வரத் தாமதம். விமானப் படைக்கு விமானம் தரத் தாமதம். உடல் நமது, உயிர் அயலானது என்றால், கட்டளை யாருடையது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு நேர்ந்ததை நினைவூட்டுகிறோம். ஜெட் போர் விமானத்தைக் களத்தில் இறக்கியது அந்நாடு. ஆனால் நிக்கலும் கோபால்ட்டும் கிடைக்காத பஞ்சத்தில் செய்த எஞ்சின்கள் சில பத்து மணி நேரம் ஓடுவதற்குள் ஓய்ந்தன. மூளை இருந்தது, உலோகம் இல்லை.

நமக்கு மூளையும் உண்டு, முயற்சியும் உண்டு. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிகப் பிளேடுகளை வார்த்து, 2021-இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடுகளை எச்.ஏ.எல். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா என விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளே அறிந்த வித்தை அது. முடியாது என்ற பேச்சு அன்றே முடிந்தது! இனி வேண்டியது உலை, சோதனைக்கூடம், தேர்ந்த கை, ஆண்டுக்கணக்கில் தளராத நிதி.

அந்தத் தேர்ந்த கை எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி உண்டு, தேனி இல்லை. ஏலத்தோட்டத்திலும் திராட்சைக் கொடியடியிலும் வியர்வை சிந்தும் தாயின் பிள்ளைக்கு நிக்கலை உருக்கக் கை நடுங்குமா? போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரியிலும், நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நல்ல வார்ப்பு உலையும் உலோகச் சோதனைக்கூடமும் அமையட்டும் என்று கேட்கிறோம். சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கிறோம்!

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். காவிரி என்று பெயர் வைத்தவர்களிடம், அதைப் பாயவைக்கும் உலை எங்கே என்று கேளுங்கள்!