நாங்கள் பெறாத பிள்ளையா?

நம் கதைகளில் வரும் கர்ப்பிணிக்கு இரண்டே காரியந்தான். ஐந்தாவது அத்தியாயத்தில் வாந்தி எடுப்பாள்; இருபதாவது அத்தியாயத்தில் கதவுக்குப் பின்னால் ஒரு முறை அலறுவாள். நடுவில் உள்ள மாதங்களில் முகத்தில் தாய்மையின் பொலிவு! நானும் அப்படித்தான் எழுதித் தள்ளியிருக்கிறேன்.

அந்த நடு மாதங்களில், இரவில் புரண்டு படுக்க முடியாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் ஒரு காலை எடுத்து வைத்ததும், அடிவயிற்றுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் பிளப்பது போல் வலிக்கிறது. மாமியாரிடம் சொன்னால், "நாங்களெல்லாம் பெறாத பிள்ளையா? இடுப்பு வலிக்காமல் யாரடி பெற்றாள்?" என்ற பதில் வருகிறது. கூடவே துடைப்பமும் வருகிறது. குனிந்து பெருக்கினால்தான் சுகப் பிரசவமாம்!

பெற்றார்கள், வாஸ்தவம். வலிக்கவில்லை என்று யார் சொன்னது? அந்த மாமியார் தன் காலத்தில் சொல்லியிருப்பாள், கேட்க ஆளில்லை.

இது செல்லம் கொஞ்சுகிற நோவு அல்ல. கர்ப்ப காலத்தில் இடுப்பெலும்பு மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன. முன்புறம் இரண்டு எலும்புகள் சேரும் இடமும், முதுகெலும்பின் அடியில் இருபுறமும் உள்ள மூட்டுகளும் ஒரே சீராக அசையாமல் போனால் வலி பிடித்துக்கொள்கிறது. ஐந்து கர்ப்பிணிகளில் ஒருத்திக்கு இது உண்டு என்பது வைத்தியர்கள் கணக்கு. இந்த வலியால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆகையால் தாய் பொறுத்துக்கொள்ளலாம் என்று நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம்!

பரிகாரத்தில் முக்கால்வாசிக்குக் காலணாச் செலவில்லை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. புரளும்போதும் காரிலிருந்து இறங்கும்போதும் முழங்கால்கள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்காமல், உட்கார்ந்து உடை மாற்றுவது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுவது. இடுப்பில் குடமோ மூத்த குழந்தையோ கூடவே கூடாது. அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். பிசியோதெரபி தெரிந்தவர்கள் தகுந்த பயிற்சி சொல்லித் தருவார்கள். வேண்டுமானால் இடுப்புக்குப் பட்டையும் கொடுப்பார்கள். வலி விட்டு விட்டு வந்தாலோ, உதிரம் கண்டாலோ, காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தாலோ அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தலையணை எந்த வீட்டிலும் இருக்கிறது. குடத்தைத் தூக்க ஆள் யார் என்று கேட்டால்தான், கணவன்மார்கள் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்கிறார்கள்.