ஆர்க்கிட் திருட்டை நாற்றுப்பண்ணை தடுக்குமா?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சதுப்புக்காடுகளில் வளரும் 'பேய் ஆர்க்கிட்' என்னும் வெண்மலர்ச் செடியை, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அந்நாட்டின் மத்திய அரசு வனவுயிர்த் துறை 2025 ஜூன் மாதத்தில் முன்மொழிந்தது. பாதுகாப்பு அமைப்புகள் 2022-இல் அளித்த மனுவின் விளைவு இது. புளோரிடாவில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,500 செடிகள். அவற்றுள் பூக்கும் பருவத்தை எட்டியவை பாதிக்கும் குறைவு என்பது அம்மனு தந்த மதிப்பீடு.

இச்செடிக்கு இலை இல்லை. மரப்பட்டையில் ஒட்டிப் படரும் பசிய வேர்களே இலையின் வேலையையும் செய்கின்றன. கோடையில் மலரும் வெண்ணிறப் பூ, தாங்கி நிற்கும் செடி கண்ணுக்குப் புலப்படாமையால், அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். இப்பூவுக்காகத்தான் இடுப்பளவுச் சேற்றில் இறங்கித் திருடுகிறார்கள். எந்த மரத்தில் எத்தனை செடி என்பதை ஆய்வாளர்கள் பொதுவெளியில் சொல்வதே இல்லை.

திருட்டுக்கு எளிய மருந்தாகச் சொல்லப்படுவது நாற்று வளர்ப்பு. ஆர்க்கிட் விதை தூசியை ஒத்தது. முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர்க் கூழில் பூஞ்சையின் துணையின்றியே விதையை முளைக்கச் செய்யும் முறையை 1922-இல் வெளியிட்டார். செல்வந்தரின் கண்ணாடி மனைகளில் மட்டும் இருந்த மலர், பின்னாளில் தைவானிலும் நெதர்லாந்திலும் ஆலைப் பொருளைப்போல் உற்பத்தியாகி, இன்று பேரங்காடிகளில் சாதாரண விலைக்குக் கிடைப்பதற்கு அடிகோலியவற்றுள் இதுவும் ஒன்று. பேய் ஆர்க்கிட்டையும் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடுவையில் முளைக்கவைத்து, நாற்றுகளைக் காட்டு மரங்களில் பொருத்தி வளர்த்துக் காட்டியுள்ளனர்.

வழங்கல் பெருகினால் விலை சரியும். விலை சரிந்தால் திருட்டு குறையும். பாடநூல் சொல்வது இதுதான். 1994-இல் ஃபக்கஹாட்சி காட்டில் 200-க்கும் மேற்பட்ட அரிய செடிகளுடன் பிடிபட்ட கூட்டத்தின் தலைவரும் ஏறத்தாழ இதே வாதத்தைத்தான் முன்வைத்தார். செடியைப் பெருக்கி மலிவாக்கப் போவதாகச் சொன்னார். அவ்வழக்கைப் பற்றி சூசன் ஆர்லீன் எழுதிய நூல் 1998-இல் வெளிவந்து, செடியை உலகப் புகழ் பெறச் செய்தது.

பாடநூல் கணக்கு இங்கே இடறுவதற்குக் காரணம் காலம். குடுவையிலிருந்து வெளிவரும் நாற்று விரல்நுனி அளவே இருக்கும். பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை பண்ணைக்காரர் ஈரப்பதத்துக்கும் கூலிக்கும் செலவிடுகிறார். முதலீட்டின் மீதான வட்டியையும் இழக்கிறார். வாடிப்போகும் நாற்றுகளின் நட்டமும் அவருடையதே. வளர்ந்த செடியின் விலையில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பின் விலை. அந்த ஆண்டுகளைக் காடு இலவசமாகக் கொடுத்துவிடுவதால் திருடுபவர் ஒரே இரவில் அவற்றைப் பணமாக்குகிறார். ஆகவே விரல்நுனி நாற்று எவ்வளவு மலிந்தாலும் பூக்கும் செடியின் விலை உடனே சரியாது. 'காட்டிலிருந்து வந்தது' என்பதற்கே கூடுதல் விலை தரும் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்களுக்குப் பண்ணைச் செடி மாற்றுப் பொருளே அல்ல. அப்படிப் பெயர்த்தெடுத்த செடி பெரும்பாலும் வீட்டில் மடிந்துபோகிறது என்பது வேறு கதை.

அப்படியானால் நாற்று வளர்ப்பு வீணா? இல்லை. பூ வேண்டும், திருட்டுப்பொருள் வேண்டாம் என்று கருதும் பெரும்பான்மை வாடிக்கையாளருக்கு அதுவே நேர்வழி. ஆனால், அந்த நேர்வழியைத்தான் புதிய சட்டப் பாதுகாப்பு அடைத்துவிடக் கூடும். அமெரிக்க அருகிவரும் உயிரினச் சட்டத்தின்படி, பட்டியலிட்ட தாவரத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்க அனுமதி பெற வேண்டும். பண்ணையில் விதையிட்டு வளர்த்ததாயினும் விலக்கில்லை. சேற்றில் இரவில் இறங்குபவர் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கப் போவதில்லை. காலதாமதமும் கட்டணமும் நேர்மையான பண்ணையின் தலையில்தான் விழும். இதற்கு மாறாக, மலட்டுக் குடுவையிலுள்ள ஆர்க்கிட் நாற்றுகளுக்கு அருகிவரும் உயிரின வணிகத்திற்கான சர்வதேச உடன்படிக்கை பொதுவாகக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. குடுவையில் இருப்பது காட்டுச் செடியாக இருக்க இயலாது என்னும் எளிய தர்க்கம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

நம் நாட்டிலும் இதே முடிச்சு உண்டு. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய மஞ்சள் நிற 'ட்ரூரி' செருப்பு ஆர்க்கிட், அளவுமீறிச் சேகரிக்கப்பட்டதால் அருகிப்போனது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டியலிலுள்ள இத்தகைய தாவரத்தை வளர்ப்பதற்கே உரிமம் வேண்டும். நோக்கம் நல்லதே. எனினும், உரிமம் எளிதில் கிடைக்காத இடத்தில் சட்டப்படி வளர்ப்பவர் ஒதுங்கிவிடுவார். சந்தை மற்றவர் கைக்குப் போகும்.

நாற்றினால் ஈடுசெய்யவே முடியாத ஒன்று தண்ணீர். 1940-களிலும் 1950-களிலும் ஃபக்கஹாட்சியின் பெரும் சைப்ரஸ் மரங்கள் வெட்டப்பட்டன. 1960-களில் அருகிலுள்ள சதுப்புநிலத்தை வீட்டுமனைகளாக விற்கக் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார்கள். (பள்ளிக்கரணையை அறிந்தவர்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.) மனைத் திட்டம் தோற்றது, நிலம் உலர்ந்தது. இப்போது அரசு பெரும் பொருட்செலவில் அதே கால்வாய்களை அடைத்துவருகிறது. ஈரக்காற்று இல்லாத மரத்தில் எத்தனை நாற்றுகளைக் கட்டினாலும் அவை காய்ந்தே போகும். அந்த மறுசீரமைப்புக்கான நிதி குறையாமல் தொடர வேண்டும். பட்டியலிடும் இறுதி ஆணை பிறக்குமானால், விதையின் தோற்றத்துக்குச் சான்று காட்டும் பண்ணைகளுக்கு விற்பனை அனுமதியைக் குறித்த நாள்களுக்குள் வழங்கும் ஏற்பாடும் அத்துடன் வர வேண்டும்.