கோட்டை இல்லாத காவல்காரர்

புனேயில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பாலேவாடி விளையாட்டரங்கம். இங்கே ஆடிய மூன்று தொழில்முறைக் கால்பந்து அணிகள் நான்கே ஆண்டுகளுக்குள் மூட்டை கட்டிவிட்டன. புனே எஃப்.சி. 2015-லும், டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் 2017-லும் விடைபெற்றன. 2019-ல் எஃப்.சி. புனே சிட்டியின் இடம் ஹைதராபாத்துக்குப் போனது. அதற்குப் பிறகு ஐ.எஸ்.எல். அணிப் பட்டியலில் இந்த ஊரின் பெயர் இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? பதிலுக்கு அனஸ் எடத்தொடிகாவைப் பார்க்கலாம்.

மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டிக்காரர். இளமையில் ஆட்டோ ஓட்டியவர். 2007-ல் மும்பை எஃப்.சி.யில் சேர்ந்தார். 2011 முதல் 2015 வரை புனே எஃப்.சி.யின் தடுப்பாட்டக்காரர். அவர் காவலில் நின்ற அந்தப் புனே அணி 2012-13 ஐ-லீகில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றது.

தடுப்பாட்டக்காரரின் தொழில் விசித்திரமானது. கோல் போட்டவன் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். விழாமல் போன கோல்களுக்குக் கணக்கேது? வேகத்தைவிட அனுபவமே இங்கே பெரிய முதல். எதிராளி எங்கே ஓடுவான், பந்து எங்கே வந்து விழும் என்பதை முன்கூட்டியே அறிய வருடங்கள் பிடிக்கும். பக்கத்தில் நிற்கும் சகாவின் குறிப்பறியவும் அப்படித்தான்.

அனஸும் மெதுவாகவே பழுத்தார். ராபர்ட்டோ கார்லோஸ் பயிற்சியளித்த டெல்லி டைனமோஸ் அணியில் 2015-ல் ஆடினார். 2017 மார்ச்சில், கம்போடியாவுக்கு எதிராக, இந்தியாவுக்காக முதன்முதலாகக் களமிறங்கியபோது வயது முப்பது! அதே ஆண்டு ஜாம்ஷெட்பூர் அணி அவரை 1.1 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிரான ஆட்டத்தில் சில நிமிடங்களிலேயே காயத்துடன் வெளியேறினார். கடைசி நேர பெனால்ட்டியில் இந்தியா தோற்றது. உடனே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்தவர், பிறகு அழைப்பு வந்ததும் திரும்பி வந்தார்.

இன்னொரு தடுப்பாட்டக்காரரின் கதை தென்னாப்பிரிக்காவில் தொடங்குகிறது. கைசர் சீஃப்ஸ் கிளப்பில் ஆடிய லூகாஸ் ராடபே 1994-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்கு வந்தார். 2005 வரை அங்கேயே இருந்தார். 1998, 2002 உலகக் கோப்பைகளில் தன் நாட்டுக்குத் தலைமை தாங்கினார். தேசிய அணிக்கு 70 ஆட்டங்கள், அடித்தது 2 கோல். ஆனாலும் லீட்ஸ் இளைஞர்கள் ஒரு ராக் இசைக்குழு தொடங்கியபோது, அவருடைய பழைய கிளப்பின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கிளப் நிலைத்து நின்றால் இப்படியும் நடக்கும்.

அனஸ் ஆடிய புனே கிளப்போ இன்று இல்லை. வருத்தம் அவருக்காக மட்டுமல்ல. அவர் பாடுபட்டேனும் மேலே போய்விட்டார். ஏலமும் ஒப்பந்தமும் ஒரே நாளில் ஆட்டக்காரரை வாங்கித் தரும், உருவாக்கித் தராது. இருபத்துநாலு வயதில் பெயர் தெரியாத ஒருவரை நாலு வருடம் வைத்திருந்து ஆளாக்க, நாளையும் இருக்கப்போகும் கிளப் வேண்டும். இன்னொரு கொண்டோட்டிப் பையன் இன்று புனேயில் ரயிலை விட்டிறங்கினால், எந்தக் கதவைத் தட்டுவான்?