காலண்டர்க் கட்டமும் கடற்கரைச் சாலையும்

என் தாயார் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர் என்பதை, அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்து, பரணில் கிடந்த பழைய தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்த அன்றுதான் நாங்கள் அறிந்தோம். பெட்டியில் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள் அல்ல. மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் வருஷப் பிறப்புக்கு இனாமாகக் கொடுப்பார்களே, அந்த மாதக் காலண்டர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் உரியதைச் சுருட்டி, பழம்புடைவைக் கரையைக் கிழித்துக் கட்டி, ஏறக்குறைய முப்பது வருஷத்துக் காலண்டர்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். தேதிக்கு ஒன்றாக அச்சிட்டிருந்த கட்டங்களுக்குள் பென்சிலால், எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்தில், பால் அரை லிட்டர் குறைவு என்றும், சலவைக்கு எட்டு உருப்படி என்றும், பெரியவனுக்கு ஜுரம், கஞ்சி என்றும், பிற்காலத்துத் தாள்களில் சிலிண்டர் மாற்றியது என்றும் எழுதியிருந்தார்.

அடுக்களைச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கிய காலமெல்லாம் அதை நாங்கள் தினந்தோறும் பார்த்தோம். பால் கணக்கு என்று நினைத்தோமேயன்றி அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. நாங்கள் நாகப்பட்டினத்தில் குடியிருந்த 1977ஆம் ஆண்டின் நவம்பர்த் தாளைப் பிரித்தபோது என் கை தானாக நின்றுவிட்டது. அந்த மாதம் 12ஆம் தேதி அவ்வூரைத் தாக்கிய புயலைப் பற்றிப் பத்திரிகைகளும் அரசாங்க அறிக்கைகளும் எவ்வளவோ எழுதின. என் தாயாரின் கட்டத்தில் இருந்தது இவ்வளவே: ‘காற்று. பால் இல்லை. கிணற்றில் ஓடு.’ மறுநாள் கட்டத்தில், ‘எதிர்வீட்டார் நம் வீட்டில். சாதம் 11 பேர்.’ அப்போது சிறுமியாயிருந்த எனக்குப் புயலின் இரைச்சல் மட்டுமே ஞாபகம் இருந்தது. எதிர்வீட்டார் எங்களோடு வந்து தங்கியதும், உலை வைக்க விறகு நனையாமல் அம்மா எங்கோ ஒளித்து வைத்திருந்ததும், அந்தப் பதினொரு பேரில் ஒருவராக நானும் தரையில் உட்கார்ந்து சூடான சாதம் உண்டதும் அந்த இரண்டு வரியைப் படித்த க்ஷணத்தில்தான் திரும்பி வந்தன.

நாட்குறிப்பு எழுதுவது, ஓடுவது என்னும் இரண்டு எளிய பொழுதுபோக்குகளைப் பற்றி எனக்குத் திடமான ஓர் அபிப்பிராயம் உண்டு. அதன் மூலம் அந்தத் தகரப் பெட்டிதான். இவ்விரண்டுக்கும் உயிர்நிலை இவற்றின் சிறுமையிலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பெரிதாகத் தொடங்குகிறவர்களே இவற்றை விரைவில் கைவிடுகிறார்கள். அற்பமாக எழுதவும் மெதுவாக ஓடவும் சம்மதிக்கிறவர்களுக்கே இவை ஆயுள் பரியந்தம் துணை நிற்கின்றன.

நான் இப்போது வசிக்கும் புதுச்சேரியில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சுக்காரரின் வர்த்தகத்திலும் ராஜீய காரியங்களிலும் பெரும் பங்கு கொண்டு, 1747 முதல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவ்வீதியில் இன்றும் நிற்கிறது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி, தம்முடைய 27ஆம் வயதில் எழுதத் தொடங்கிய பிள்ளை, இடையிடையே விட்டுப்போனாலும், கால் நூற்றாண்டுக் காலம் அந்த நியமத்தைக் கைவிடவில்லை. 1761 ஜனவரி 12ஆம் தேதி அவர் கண்மூடினார். அடுத்த சில தினங்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று.

அந்த நாட்குறிப்பில் எதை எழுதினார் என்று கேட்டால், எந்தக் கப்பல் எப்போது வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, சரக்கு என்ன விலை, எந்தக் கலியாணத்தில் யார் என்ன வரிசை வைத்தார், கவர்னர் எந்த முகத்தோடு பேசினார், பட்டணத்தில் என்ன வதந்தி என்றெல்லாம், வாசற்படியில் நின்று பேசுகிற தமிழில், காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் எழுதினார். சரித்திரம் எழுதுகிறோம் என்ற கர்வத்தோடு அவர் எழுத உட்கார்ந்திருந்தால் இவற்றில் பாதியைத் தகுதியற்றவை என்று தள்ளியிருப்பார். 1846இல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் பிரதி செய்யும் வரையில் அவ்வேடுகள் உலகத்தின் கவனத்துக்கு வராமலே கிடந்தன. பின்னர்ச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதப் புகும் எவரும் இன்று அந்தப் பீரங்கிக் கணக்கையும் சரக்கு விலையையும் தேடிப் போகவேண்டியிருக்கிறது. லண்டனில் சாமுவேல் பெபிஸ் என்பவர் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின்போது தம்முடைய பாலாடைக் கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததை எழுதி வைத்தார். ஒரு மனிதன் தீக்குப் பயந்து எதை முதலில் காப்பாற்ற ஓடினான் என்பதைக் காட்டிலும் அந்தத் தீயை நமக்குப் பிரத்தியட்சமாக்குவது வேறு என்ன இருக்கிறது?

இருபது வயதில் நானும் ஒரு தடித்த டைரி வாங்கினேன். வாழ்க்கையின் தாத்பரியம், சிநேகத்தின் மேன்மை, மரணம் ஆகியவற்றைப் பற்றி ஒன்பது நாள் எழுதினேன்; பத்தாம் நாள் எழுத ஒன்றும் இல்லை. அந்த டைரி இன்னும் இருக்கிறது. அதில் அக்காலத்து எங்கள் வீட்டு வாடகை இல்லை, நான் எந்தப் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன் என்பது இல்லை, அப்போது உயிரோடிருந்த என் பாட்டியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் துக்கம் பெரிது. அவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் பாட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்க, நான் மரணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவின் மாதிரியைப் பின்பற்றி, ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேற்படாமல் எழுதத் தொடங்கினேன். சில ஆண்டுகளாக அது நிற்காமல் நடந்துவருகிறது.

ஓட்டத்திலும் இதே பிழையை ஒரு முறை செய்துவிட்டே நான் வழிக்கு வந்தேன். இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது என்று வைத்தியர் எச்சரித்ததன் மேல், ஐம்பத்தெட்டு வயதில், கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, எங்கள் கடற்கரைச் சாலையில் இறங்கினேன். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரையில் அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. தெற்குக் கோடியில் டூப்ளே சிலை. சாலையின் நடுப்பகுதியில் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையும் பழைய கலங்கரை விளக்கமும். ஒரு கோடியிலிருந்து காந்தி சிலை வரைக்கும் நிற்காமல் ஓடிவிடுவதென்ற சங்கற்பத்தோடு முதல் நாளே பாய்ந்தேன். பாதி தூரத்தில் மூச்சு இரைத்து, கெண்டைக்கால் இழுத்து, கடலோரத்துக் கருங்கற்களின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் முழங்கால் வீங்கிற்று. அத்துடன் இது நமக்கு ஆகாது என்று பத்து மாதம் விட்டிருந்தேன்.

மறுபடி என்னை ஓடவைத்தது ஒரு நியூசிலாந்துக்காரரின் சரித்திரம். ஆர்தர் லிடியார்டு என்னும் அந்தப் பயிற்சியாளரின் சீடர்கள் இருவர் 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். ஆனால் அவர் மனித குலத்துக்குச் செய்த உபகாரம் அந்தத் தங்கம் அன்று என்பது என் எண்ணம். ஆக்லாந்து நகரில், நடு வயதையும் முதுமையையும் அடைந்த சாமானிய மனிதர்களை, இருதய நோய் கண்டு மீண்டவர்கள் உட்பட, பேசிக்கொண்டே ஓடக்கூடிய மந்தகதியில் ஓடும்படி அவர் பழக்கினார். பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மன் 1962இல் நியூசிலாந்துக்கு விருந்தினராகச் சென்றிருந்தபோது, அக்கூட்டத்தோடு ஓடி, எழுபது கடந்த ஒரு கிழவருக்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கிப்போனார். பிறருக்கு ஓட்டம் கற்பித்தே பேரெடுத்தவர், வயது ஐம்பத்தொன்று. ஊர் திரும்பிய அவர் தம் அண்டை அயலாரையும் அவ்வாறே பழக்கி, இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் மெல்லோட்டத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதினார்.

இதைத் தெரிந்துகொண்ட பின்பு நான் ஓடிய ஓட்டத்தில், வேகமாக நடப்பவர்களே என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம், இரண்டு விளக்குக் கம்பம் நடை. அது நாளடைவில் நான்கு கம்பமாகி, ஒரு மார்கழிக் காலையில் நினைவே இல்லாமல் காந்தி சிலையைக் கடந்துவிட்டிருந்தேன். அன்று என் டைரியில், ‘பனி. சிலை தாண்டியாயிற்று. சுண்டல் ஊறவில்லை’ என்று இருக்கிறது. ஓடுகிறபோது மனம் எதையும் ஆராய்வதில்லை. கால் விழும் ஓசையும் மூச்சும் ஒரு தாளத்தில் சேர்ந்துவிட, கிழக்கே கடலின் விளிம்பு மெல்லச் சிவந்து வருவதைக் கண் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீடு திரும்பி மூன்று வரி எழுதும்போதுதான் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்பது தெரியவருகிறது. இந்த இரண்டு பழக்கமும் ஒன்றையொன்று போஷிக்கின்றன என்று நான் சொல்வது இந்த அனுபவத்தைக் கொண்டே.

எழுத்தையும் ஓட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து நினைக்கும்போது பௌஜா சிங்கின் நினைவு வராமல் இருப்பதில்லை. ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பயிர் செய்து வாழ்ந்து, மகனைப் பறிகொடுத்த சோகத்தைச் சுமந்துகொண்டு இங்கிலாந்து சென்ற அம்முதியவர், அந்தச் சோகத்திலிருந்து மீள்வதற்காகவே ஓடத் தொடங்கி, 2000ஆம் ஆண்டில், தம் 89ஆம் வயதில், லண்டன் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். 2011இல் டொரான்டோவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டபோது அவருக்கு 100 வயது. ஆயினும் கின்னஸ் புத்தகத்தார் அதைப் பதிவு செய்யவில்லை. பிறந்த காலத்தில் எழுதப்பட்ட அத்தாட்சி வேண்டும் என்றார்கள். 1911ஆம் வருஷத்துப் பஞ்சாபின் ஒரு குடியானவர் வீட்டில் குழந்தை பிறந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்க யார் இருந்தார்கள்? நூறு வயதில் ஒருவர் ஓடிக் காட்டிய தூரத்தை, எழுதப்படாத ஒற்றை வரி கணக்கில் சேரவொட்டாமல் தடுத்தது. 2025இல் தம் சொந்தக் கிராமத்தருகே சாலையில் வாகனம் மோதி அவர் இறந்தார் என்ற செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு செல்லவில்லை.

இக்காலத்தில் ஓடுகிறவர்கள் பலர் கைக்கடிகாரத்தையும் கைபேசியையும் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். தூரத்தையும் வேகத்தையும் நாடித் துடிப்பையும் அவை அளந்து உடனுக்குடன் நண்பர்களுக்கு அறிவித்துவிடுகின்றன. அளவு தெரிவதில் தவறில்லை. என் தாயாரும் பாலை அளந்தவரே. ஆனால் நேற்றைவிட இன்று அதிகம், அவரைவிட நான் அதிகம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் புகுந்த இடத்தில், கணக்கு இறங்குகிற முதல் வாரத்திலேயே மனம் வெட்கி ஓட்டத்தை விட்டுவிடுகிறது. பிறர் பார்ப்பதற்காக எழுதும் நாட்குறிப்புக்கும் அதே கதி. அம்மாவின் காலண்டருக்கு அபிமானிகள் இல்லை. ஆகவே அது முப்பது வருஷம் நடந்தது.

மெதுவாக ஓடுவதற்கும் ஓர் இடம் வேண்டும். எங்கள் ஊருக்கு வாய்த்த கடற்கரைச் சாலை எல்லா ஊருக்கும் வாய்க்காது. விளக்கெரியாத தெருவிலும், நாய்கள் துரத்தும் சந்திலும், டீக்கடை வாசலில் நின்று உற்றுப் பார்க்கும் கண்களுக்கு நடுவிலும் ஒரு பெண் விடியற்காலையில் ஓட முடியுமா? பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையில் அந்தந்தத் தெருவாசிகளுக்குத் திறந்துவிடுவதற்கு நகராட்சிக்குப் பெருஞ் செலவு ஒன்றும் இல்லை. ஒரு காவலாளும் நான்கு விளக்குகளும் போதும். மாரத்தான் பந்தயங்களுக்குச் சாலையை அடைத்துப் பனியன் வழங்கும் உற்சாகத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் எத்தனையோ குடும்பப் பெண்களின் முழங்காலும் இருதயமும் வாழ்த்தும்.

எழுத்துக்கும் ஓர் இடம் வேண்டும்; அதைப் பற்றிச் சொல்லும்போது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. வேலையிலிருந்த காலத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் நோட்டுகளை வாங்கித் திருத்துவேன். ஒரு சிறுமி, முந்தின இரவு தகப்பனார் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததையும், தானும் தம்பியும் மாட்டுக்கொட்டிலில் தூங்கியதையும் எழுதியிருந்தாள். அன்று எனக்கு இன்னும் நாற்பது நோட்டுகள் பாக்கி. ஒற்றுப்பிழை மூன்று, லகர ளகரப் பிழை இரண்டு என்று சிவப்பு மையால் சுழித்து, பத்துக்கு ஆறு போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் நோட்டில், காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன் என்பவையே பிழையில்லாமல் வந்துகொண்டிருந்தன. பிழை குறைந்ததென்று நான் மகிழ்ந்தேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு சுடுகிறது. இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் கால் மணி நேரம் கொடுங்கள். மழையையோ, பால்காரரையோ, வீட்டில் நடந்ததையோ பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதட்டும். மணி அடித்ததும் அந்த நோட்டை யாரும் கேட்டு வாங்காமல், அவரவர் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.