கம்பெனி கேட்டுக்கு அப்புறம் என்ன?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு முறை பஸ்ஸில் போய் வந்தால் போதும், சக்கரத்தைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்! இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர். வல்லம் வடகாலில் யமஹா பைக். இத்தனை வண்டிகள் பிறக்கும் அந்த வட்டாரத்தில் அரிதாகவே கண்ணில் படும் வண்டி ஒன்று உண்டு. அதுதான் சக்கர நாற்காலி.

கையால் தள்ளும் நாற்காலியில் வேலைக்குப் போவது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருத்துவமனைகளில் பார்க்கும் மடக்கு நாற்காலி 15 கிலோவுக்கு மேல் இருக்கும். முன்னால் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் சின்னப் பள்ளத்தில்கூட மாட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தள்ளுபவர்களுக்குத் தோள்வலி வருவது மிக சாதாரணம். கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்த தோள், ஒரு நாள் அதுவும் மறுத்துவிடும். கம்பெனி பஸ் இருக்கிறதே என்பார்கள். அதில் ஏறும் படிக்கட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் தருகிறதே? தருகிறது. நல்ல திட்டம், பலர் வாழ்க்கையை மாற்றிய திட்டம். ஆனால் நாற்காலி இல்லாமல் நகரவே முடியாதவருக்கு அந்த ஸ்கூட்டர் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு அப்புறம்? வேறொரு நாற்காலி அங்கே காத்திருக்க வேண்டும், அல்லது யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் இரண்டு வேளை இன்னொருவரை எதிர்பார்த்து வேலைக்குப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

இந்தக் கேள்விக்கு விடை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சென்னை ஐஐடியிலேயே இருக்கிறது. பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான ஆய்வு மையமும், அங்கே உருவான நியோமோஷன் நிறுவனமும் 2021-ல் இரண்டு பொருட்களை வெளியிட்டன. நியோஃப்ளை என்பது உட்காருபவரின் உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் நாற்காலி. நியோபோல்ட் என்பது அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சக்கரம். ஹேண்டில்பார், லித்தியம் அயன் பேட்டரி, ஒரு பெரிய சக்கரம், அவ்வளவுதான்! மாட்டியதும் குட்டிச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும், பள்ளம் மேட்டைப் பெரிய சக்கரம் பார்த்துக்கொள்ளும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் வரை தூரம். போய்ச் சேர்ந்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே நாற்காலியில் உள்ளே போய்விடலாம். 2022-ல் இப்படியொரு வண்டியில் சென்னையில் ஒருவர் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த வீடியோ இணையத்தில் பரவியது பலருக்கு நினைவிருக்கலாம்.

இது புதுமையான யோசனையும் இல்லை. வல்லம் வடகாலில் பைக் செய்யும் அதே யமஹா, கையால் தள்ளும் நாற்காலியில் பொருத்தும் மின்சக்கரங்களை 1990-களிலேயே ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கை தள்ளும் விசையை உணர்ந்து மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும்.

விலைதான் இடிக்கிறது. வெளியானபோது நாற்காலி 39,900 ரூபாய், மோட்டார் 55,000 ரூபாய். ஏறக்குறைய ஒரு பைக்கின் விலை. பைக் வாங்கும் தொழிலாளிக்கு மாதத் தவணை உடனே கிடைக்கிறது. இதற்கும் அப்படிக் கிடைக்க வேண்டும். அரசு உதவியிலும் ஸ்கூட்டரா, பேட்டரி நாற்காலியா, மாட்டிக் கழற்றும் மோட்டாரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளியிடமே இருக்க வேண்டும். ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குச் சரிவராது. கையில் பலம் இல்லாதவருக்கு முழு பேட்டரி நாற்காலிதான் சரி.

டிரெய்லர் லாரிகள் ஓடும் சாலையில் இந்தச் சின்ன வண்டி ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்காக அவரை வீட்டிலேயே உட்காரச் சொல்வது பதில் ஆகாது. லாரிகள் நிறுத்தப்படாத சர்வீஸ் ரோடும், தொடர்ச்சியான சரிவுப் பாதையும் சைக்கிளில் வருபவருக்கும் நடந்து வருபவருக்கும் சேர்த்தே தேவை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தரச் சொல்கிறது. தரப் பரிசோதனை, கிடங்குப் பதிவு, கணக்கு என்று உட்கார்ந்தே செய்யும் வேலைகள் ஆலைகளில் நிறைய உண்டு. அதற்கு நிறுவனம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டருகே ஒரு சார்ஜ் பாயின்ட், படிக்குப் பதில் ஒரு சரிவு, நாற்காலி நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு.

லட்சக்கணக்கில் வண்டி செய்து உலகத்துக்கே அனுப்பும் ஊர் இது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தன் கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவர முடியாதா என்ன?